ரத்தமா, ஈரச் சுவரா? கடுமையான ஆஸ்துமா: கேள்வி பதில்

கோத்தகிரியில் நெஞ்சு நோய் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் பாதி, எந்த இனத்தாருக்கு எந்த அலர்ஜி என்பதைச் சுற்றியே இருந்தன.

குன்னூர் வாசகி: என் தம்பி இங்கிலாந்தில் கடுமையான ஆஸ்துமாவுக்கு சிகிச்சை எடுக்கிறான். "உங்கள் மக்களுக்கு அலர்ஜி அதிகம்" என்றார்களாம். நம் ரத்தத்திலேயே இருக்கிறதா டாக்டர்?

அங்குள்ள கடுமையான ஆஸ்துமா நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்தபோது, வெள்ளையர் அல்லாதவர்களிடம் அலர்ஜி கூடுதலாகத் தெரிந்தது உண்மைதான். ஆனால் அதை ரத்தத்தின் மேல் போட்டுவிடாதீர்கள் அம்மா. 1990இல் ஜெர்மனி இணைந்த பிறகு இரு பக்கக் குழந்தைகளையும் சோதித்தார்கள். ஒரே இனம். புகையும் தூசியும் நிறைந்த கிழக்கில்தான் அலர்ஜி அதிகம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். மேற்கில்தான் அதிகம் இருந்தது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயக் கூட்டத்தார் உண்டு. பூர்வீகம் ஏறக்குறைய ஒன்று. மாட்டுக் கொட்டகையை ஒட்டி வளரும் ஆமிஷ் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா ஹட்டரைட் பிள்ளைகளுக்கு இருப்பதில் நாலில் ஒரு பங்குதான், அலர்ஜி ஆறில் ஒரு பங்கு. புலம்பெயர்ந்தவர்களுக்கும் போன புதிதில் அலர்ஜி குறைவு. அந்த ஊரில் வருடங்கள் ஓட ஓட ஏறும். உங்கள் தம்பி போய் எத்தனை வருடம் ஆகிறது, வீட்டுச் சுவரில் பூஞ்சை பிடிக்கிறதா என்று கேளுங்கள்.

கோத்தகிரி வாசகர்: நாங்கள் படகர். பக்கத்து லைன் வீட்டில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். இரண்டு வீட்டிலும் வீசிங். அலர்ஜி டெஸ்ட் வேறுவேறா?

ஒரே டெஸ்ட்தான். கையில் அலர்ஜி தரக்கூடிய பொருளின் சொட்டு வைத்துக் குத்தி, 15 நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்தால் பாசிட்டிவ். அலர்ஜி மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், டாக்டரிடம் கேட்டுவிட்டு. பாசிட்டிவ் என்றாலே அந்தப் பொருளால்தான் இளைப்பு என்று ஆகிவிடாது. யாராவது தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை பார்த்தால், லீவு நாளில் மூச்சு லேசாகிறதா என்று கவனியுங்கள். பஞ்சு மாதிரிப் பறக்கும் அந்தத் தூசியே ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

ஊட்டி வாசகர்: மலை உயரத்தில் தூசிப்பூச்சி இருக்காதாமே?

அது டாவோஸ் கதை. சுவிட்சர்லாந்தில் 1,560 மீட்டரில் இருக்கிறது, காற்று வறண்டது. அதனால் பூச்சி பிழைக்காது. ஊட்டி 2,240 மீட்டர் இருந்தும் மழையும் பனிமூட்டமும் போதாதா? இந்தப் பூச்சி காற்றின் ஈரத்தைக் குடித்தே வாழ்கிறது. வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் கம்பளியைக் காயப் போடுங்கள், விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

கூடலூர் வாசகி: அம்மாவுக்கு ஆஸ்துமா. ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் ஐஜிஇ அளவு 2,000க்கு மேல். ஊசி போடச் சொல்கிறார்கள்.

வயிற்றில் புழு இருந்தாலும் இது ஏறும். அதைவிட முக்கியம், ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சை. இந்தியாவில் அடங்காத ஆஸ்துமாவில் இது அடிக்கடி ஒளிந்திருக்கும். கட்டிக் கட்டியாகப் பழுப்புச் சளி வந்தால் சந்தேகம் கூடும். ஊசிக்கு முன் அந்தப் பூஞ்சைக்கான ரத்தச் சோதனையைக் கேளுங்கள். அப்படியே, அம்மா இன்ஹேலர் இழுக்கும் விதத்தையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பாதிப்பேர் தப்பாகத்தான் இழுக்கிறார்கள்.

அதே வாசகி: நீலகிரித் தைலம் தேய்க்கலாமா?

வாசனைக்கே இருமுகிறவர்களுக்கு வேண்டாம். முட்டிக்குத் தேயுங்கள்.