‘சும்மா பாருங்க’ கடைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அடுத்த மாதம் குடும்பமாக ஆறு பேர் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் பேக்கேஜில் போகிறோம். வழிநெடுகக் கடைகளில் இறக்கிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். தவிர்க்க வழி உண்டா? (வாசகி, மதுரை)

உண்டு. ஆனால் அதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். மிகக் குறைந்த விலைக்கு விற்கும் பேக்கேஜில் விழும் துண்டைக் கடைக் கமிஷன்தான் ஈடுகட்டுகிறது. எம்போரியம் என்ற பெரிய கைவினைக் கடையின் வாசலில் காவலாளி வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வது இந்தக் கணக்குக்குத்தான். உங்கள் பில்லில் ஒரு பங்கு டிரைவருக்கும் கைடுக்கும் போகும். அந்தப் பங்கும் விலையில் ஏற்றப்பட்டிருக்கும்.

ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: “மார்பிள் ஃபேக்டரி, கார்ப்பெட், ரத்தினக்கல், ஜவுளிக் கடை எதிலும் வண்டி நிற்கக் கூடாது. டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். தொகை கொஞ்சம் கூடினால் கொடுத்துவிடுங்கள், அதுதான் பயணத்தின் உண்மையான விலை. பயணத் திட்டத்தில் ‘கைவினைச் செயல்விளக்கம்’ என்று இருந்தால் அதைக் கடை என்றே படியுங்கள்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் நேரம். தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் சூரிய அஸ்தமனத்துக்கு அரை மணி முன்பே மூடிவிடுவார்கள். மதியம் ஆக்ரா சேர்ந்து, கடையில் இரண்டு மணி நேரம் போனால், தாஜை ஓடிக்கொண்டேதான் பார்க்க முடியும். அதனால் ‘முதலில் தாஜ், மற்றதெல்லாம் பிறகு’ என்று காலையிலேயே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்படியும் கடை வாசலில் நிறுத்தினால் இறங்காதீர்கள். “துக்கான் நஹீ ஜானா, சீதா ஹோட்டல் சலியே பையா” (கடைக்குப் போக வேண்டாம், நேரா ஹோட்டலுக்குப் போங்க அண்ணா) என்று சிரித்த முகமாகச் சொன்னால் போதும். இறங்கிவிட்டால் நடப்பது ஒரே வரிசைதான்: கல் இழைக்கும் சக்கரத்தைக் காட்டுவார்கள், தாஜ் கட்டியவர்களின் வம்சம் என்பார்கள், டீ வரும், உள்ளறைக்குக் கூட்டிப்போவார்கள். முதலில் லட்ச ரூபாய் மேஜை, அப்புறம் எட்டாயிரத்துக்குத் தட்டு. மேஜையைப் பார்த்த கண்ணுக்குத் தட்டு மலிவாகத் தெரியும். டீயைக் குடித்துவிட்டும் எழுந்து வரலாம். முகதாட்சண்யத்துக்காக யாரும் எட்டாயிரம் கொடுக்கத் தேவையில்லை. கார்டையும் பணத்தையும் ஆறு பேரில் உறுதியானவர் ஒருவரிடம் மட்டும் கொடுத்து, அவரை வேனிலேயே உட்கார வையுங்கள்.

கேள்வி: மார்பிள் அசல்தானா என்று கடையிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், ஈரோடு)

ஓரளவு முடியும். விளக்கை அணைத்து, டார்ச்சை அடியில் வைத்து ‘ஒளி ஊடுருவுது பாருங்க’ என்பார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள், அலபாஸ்டர் என்ற மென்மையான கல்லிலும் வெளிச்சம் அழகாக ஊடுருவும். பொருளின் அடிப்பக்கத்தில், அனுமதி கேட்டு, விரல் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். மாக்கல்லிலும் அலபாஸ்டரிலும் கோடு விழும், மார்பிளில் விழாது. பதித்த பூக்களின் மேல் நகத்தை ஓட்டுங்கள்: நல்ல வேலையில் இணைப்பு தட்டாது. சிவப்பு இதழ் கார்னீலியன் என்ற செந்நிறக் கல்லாக இருந்தால் டார்ச் வெளிச்சத்தில் ஒளிரும், பெயின்ட் ஒளிராது.

பஷ்மினா (மிக மெல்லிய ஆட்டுக் கம்பளி) சால்வைக்குக் காட்டும் மோதிரச் சோதனையால் பயனில்லை. விஸ்கோஸ் என்ற மெல்லிய செயற்கை இழைத் துணியும் மோதிரத்துக்குள் நுழையும். குஞ்சத்தில் ஒரு நூல் கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி அல்லது பட்டு, காகித வாசனை என்றால் விஸ்கோஸ், உருகி மணியாக உறைந்தால் பாலியஸ்டர். ஆனால் சாதாரணக் கம்பளியையும் பஷ்மினாவையும் இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

விலை ஒப்பிட, டெல்லி பாபா கரக் சிங் மார்கில் மாநில அரசுகளின் எம்போரியங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை முதல் நாளே பார்த்துவிடுங்கள். ‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு’ என்ற போர்டு மாட்டியதால் மட்டும் ஒரு கடை அரசுக் கடை ஆகிவிடாது.

கேள்வி: 18,000 ரூபாய்க்கு வாங்கிய மார்பிள் தட்டு மாக்கல் என்று ஊருக்கு வந்த பிறகு தெரிந்தது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று இருக்கிறது. பணம் போனது போனதுதானா? (வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பணத்தைத் திருப்பித் தர பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் தர வேண்டும். அதனால் தாமதிக்காமல், கல் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கி, புகைப்படத்தோடு கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பில்லில் ‘மார்பிள்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘கைவினைப் பொருள்’ என்றிருந்தால் நிரூபிப்பது கடினம். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஆக்ராவுக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. பொருள் அசலாக இருந்து விலை மட்டும் அதிகமாக இருந்தால், இந்த வழி அநேகமாகப் பலிக்காது.