பாரிஸில் பேஸ்ட்ரி படிப்பு: வயலை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். மகள் கேட்டரிங் டிகிரி முடித்துவிட்டு, பாரிஸில் பேஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். பார்ட் டைம் வேலை பார்த்தே கடனை அடைத்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். வயலை வைத்துக் கடன் வாங்கலாமா? நாங்கள் சைவம். அவள் அங்கே சமாளிப்பாளா?

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த ஏஜென்ட் சொன்ன கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரான்ஸில் நீண்டகால மாணவர் விசாவில் இருப்பவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, பிடித்தம் போக மணிக்கு 9 யூரோ சொச்சம். முழு நேரத்தையும் உழைத்தாலும் மாதம் 750 யூரோ பக்கம்தான் வரும். பாரிஸில் ஒற்றை அறை வாடகைக்கே அது காணாது. போதாததற்கு, பேஸ்ட்ரி வகுப்பு என்பது நாள் முழுக்க நின்றுகொண்டு செய்யும் வேலை. அதை முடித்துவிட்டு ராத்திரி ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனால், மறுநாள் காலையில் கை ஓடாது. பார்ட் டைம் காசு கைச்செலவுக்குத்தான், கடனுக்கு இல்லை.

இன்னொன்றையும் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். படிப்பு முடிந்தபின் வேலை தேடுவதற்காகத் தங்கும் அனுமதி, மாஸ்டர்ஸ் அளவிலான பட்டங்களுக்கும் இன்னும் சில பட்டங்களுக்கும்தான் உண்டு. தனியார் சமையல் பள்ளி தரும் டிப்ளோமாவுக்கு அது கிடையாது. ஒரு முதலாளி முறைப்படி வேலை ஒப்பந்தம் கொடுத்து, அதற்கு அனுமதியும் கிடைத்தால்தான் தங்கலாம். ஆகவே அவள் ஊர் திரும்பி, இங்கே சம்பாதித்து எவ்வளவு கட்ட முடியுமோ அந்த அளவுக்குத்தான் கடன் வாங்க வேண்டும்.

வயலை விட்டுவிடுங்கள். கடன் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி பிணையை எடுத்து விற்க வழிசெய்வது சர்ஃபாசி சட்டம். அது விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் பல வங்கிகள் நஞ்சையைப் பிணையாக ஏற்பதே இல்லை. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பிணை கேட்பார்கள். வீடு, மனை, வைப்புத்தொகை எடுபடும். சில வங்கிகள் குறுகிய கால டிப்ளோமாவுக்குக் கடனே தருவதில்லை. பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் மேனேஜரை ஒரு தடவை நேரில் பார்த்துக் கேட்டுவிடுங்கள். வங்கி இல்லை என்றால் வெளியில் வட்டிக்கு வாங்கும் யோசனையே வேண்டாம்.

சரி, எந்தப் பள்ளி? லெ கோர்டோன் ப்ளூ 1895-இல் பாரிஸில் தொடங்கியது, பேர்பெற்றது. அங்கே செஃப் பிரெஞ்சில் செய்து காட்டும்போது கூடவே ஆங்கிலத்திலும் சொல்கிறார்கள். பேஸ்ட்ரி டிப்ளோமா மூன்று நிலைகளையும் சேர்த்தால் கட்டணம் மட்டுமே 25 லட்சத்தைத் தாண்டும். பாரிஸ் வணிகச் சபையின் ஃபெராண்டி பள்ளியில் ஆங்கில வழிப் பேஸ்ட்ரி படிப்பு உண்டு. சில மாத வகுப்பு, அப்புறம் உண்மையான கடையில் பயிற்சி. நானாக இருந்தால் பயிற்சியும் சேர்ந்த படிப்பைத்தான் எடுப்பேன். ஒரே இடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் பயிற்சி என்றால் பயிற்சி தரும் கடை உதவித்தொகையும் கொடுத்தாக வேண்டும். ஆனால் பயிற்சி நடக்கும் சமையலறையில் ஆங்கிலம் ஓடாது. சூடான தட்டோடு பின்னால் வருகிறவர் "ஷோ!" (சூடு!) என்று கத்தினால் உடனே விலக வேண்டும். போவதற்கு முன் ஆறு மாதமாவது பிரெஞ்சு படிக்கட்டும். கூடவே ஏதாவது ஒரு பேக்கரியில் விடியற்காலை ஷிப்டில் வேலை பார்க்கட்டும். இந்தத் தொழில் தனக்குச் சரிப்படுமா என்று அந்த ஷிப்டிலேயே தெரிந்துவிடும்.

சைவம் என்பதுதான் பெரிய கேள்வி. பேஸ்ட்ரியில் முட்டை இல்லாத நாள் அரிது. அதைவிடச் சிக்கல், ஜெலட்டின். கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வெதுவெதுப்பான க்ரீமில் கரைப்பார்கள். பெரும்பாலும் பன்றித் தோலில் இருந்து வருவது. பதிலுக்குக் கடல்பாசி போடலாமே என்பீர்கள். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். அதனால்தான் மூஸ் என்ற நுரைத்த க்ரீம் இனிப்பு வாயில் வைத்ததும் கரைகிறது. கடல்பாசி இளக 85 டிகிரி பக்கம் வேண்டும், அதனால் வாயில் கரையாமல் பிட்டுப் பிட்டு வரும். தேர்வில் செஃப் எதிர்பார்ப்பது முதல் வகை. தான் செய்ததை அவளே ருசிபார்க்கவும் சொல்வார்கள். தொடுவேன், ருசி மட்டும் பார்ப்பேன் என்றால் சிக்கல் இல்லை. தொடவே மாட்டேன் என்றால், தாவரப் பொருட்களை மட்டும் வைத்து நடத்தும் பேஸ்ட்ரி படிப்பு லெ கோர்டோன் ப்ளூவிலேயே இருக்கிறது, அதைப் பாருங்கள். இதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்கள் இல்லை அண்ணாச்சி.

உங்கள் மகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. அங்கே தெர்மாமீட்டர் வைத்து 118 டிகிரி என்று பார்க்கும் பாகை, அவள் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டியே உருண்டைப் பதம் என்று சொல்லிவிடுவாள். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, புளிக்கவைத்து, மேல்தண்ணீரை இறுத்து அல்வா கிண்டுவதும் அவளுக்குத் தெரியும். விண்ணப்பம், வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸ் வழியாகப் போகும், நேர்காணலும் உண்டு. ஏன் இந்தப் படிப்பு என்று கடிதம் கேட்பார்கள். அதில் இதையெல்லாம் அவளே எழுதட்டும். ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் கடிதம் எல்லாருக்கும் ஒரே கடிதம்தான்.

சமாளிப்பாளா என்றால், சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. கார் து நோர் ரயில் நிலையத்தை ஒட்டிய லா ஷப்பேல் பகுதி முழுக்க ஈழத் தமிழர் கடைகள். முருங்கைக்காய் வரை கிடைக்கும். பாரிஸின் பல சமையலறைகளில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள்தான். 2023-இல் நகரின் சிறந்த பகெத் ரொட்டிக்கான பரிசை வாங்கியவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா. ஓராண்டு அதிபர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் வாய்ப்பும் அந்தப் பரிசோடு சேர்ந்தது.

போய் இறங்கியதும் மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தவறினால் விசா செல்லாது. இங்கே இப்போதே செய்ய வேண்டியது பெயரைச் சரிபார்ப்பது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து என்று இருந்தால் அங்கே மருத்துவக் காப்பீட்டில் பதியும்போது மாதக்கணக்கில் இழுக்கும். மூன்றிலும் ஒரே பெயர் வந்தபிறகு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.