அமெரிக்கக் கல்லூரிகளில் ‘மெடிக்கல் அம்னெஸ்டி’ என்றால் என்ன?

அளவுமீறிக் குடித்து மயங்கிய நண்பருக்காக 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்தால், 21 வயதுக்கு முன் குடித்ததற்காக அழைத்தவர்மீதும் மயங்கியவர்மீதும் பொதுவாகக் கல்லூரி தண்டனை விதிக்காது. இதுதான் மெடிக்கல் அம்னெஸ்டி. கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இலேயே கொண்டுவந்தது; இன்று பல மாநிலங்களில் சட்டமாகவே இருக்கிறது.

ஏன் இந்தச் சலுகை? மாட்டினால் எச்சரிக்கை, கட்டாய வகுப்பு, விடுதியிலிருந்து வெளியேற்றம் வரை போகும். அந்தப் பயத்தில் “தூங்கினால் தெளிந்துவிடும்” என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்குதான். கல்லீரல், ஒரே தராசு உள்ள ரேஷன் கடை மாதிரி. வரிசை எவ்வளவு நீண்டாலும் வேகம் ஏறாது. மணிக்கு ஏறத்தாழ ஒரு சிறு பாட்டில் பீர் அளவுதான் கழியும். கடைசியாகக் குடித்தது, ஆள் மயங்கிய பிறகும் வயிற்றிலிருந்து இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மூச்சு மந்தமாகும். வாந்தி வந்தால் புரையேறி மூச்சுக்குழல் அடைபடலாம். அதனால் மல்லாக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உதவி வரும்வரை கூடவே இருக்க வேண்டும். (கடுங்காப்பி, குளிர்ந்த நீர் வைத்தியமெல்லாம் வீண்.)

பலர் நினைப்பதுபோல் இது எல்லாவற்றுக்கும் மன்னிப்பு அல்ல: குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும் அடிதடியும் இதில் அடங்காது, பல கல்லூரிகளில் ஆலோசனை வகுப்புக்கும் போயே ஆக வேண்டும்.