பேரத்தில் நடக்கும் தில்லுமுல்லு: கேள்வியும் பதிலும்

கேள்வி: எடுத்த எடுப்பிலேயே அநியாய விலை சொல்கிறார்கள். அநியாயம் என்று தெரிந்தும் மனசு அந்த எண்ணையே சுற்றி வருகிறது. ஏன் சார்?

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. முதலில் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10 அல்லது 65-இல்தான் நிற்கும். பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்கள் சுமார் 25 என்றார்கள், 65-ஐப் பார்த்தவர்கள் சுமார் 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் முதலில் பார்த்த எண் மனசை இழுத்துவிடுகிறது. அதனால் எதிரில் இருப்பவர் சொன்ன எண்ணிலிருந்து குறைக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். முன்கூட்டியே எழுதி வைத்த உங்கள் எண்ணிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.

கேள்வி: எல்லாம் பேசி முடித்த பிறகு, "மேலிடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள்.

பதில்: பழைய வித்தை. உட்கார்ந்ததுமே, "முடிவு உங்கள் கையில்தானே?" என்று கேட்டுவிடுங்கள். மறுபடி பேச வேண்டும் என்றால், நீங்கள் விட்டுக்கொடுத்ததையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: "இன்று மாலைக்குள் கையெழுத்து போட வேண்டும்" என்று நெருக்குகிறார்கள்.

பதில்: நாளைக் காலை என்ன மாறும் என்று கேளுங்கள். பல நேரம் பதிலே வராது.

கேள்வி: பழைய இயந்திரம் ஒன்று வாங்கினேன். "பழுது உண்டா?" என்று கேட்டேன். "போன வாரம்தான் சர்வீஸ் செய்தோம்" என்றார். வாங்கிய பிறகுதான் பழுது தெரிந்தது. இது பொய்யா?

பதில்: சொன்னது உண்மை, உங்களை நம்ப வைத்தது பொய். எனக்குத் தெரிந்து இதைவிட மோசமான தந்திரம் இல்லை. ஆரம்பத்தில் நானும் இதில் விழுந்திருக்கிறேன். சொன்னவர், "நான் பொய்யா சொன்னேன்?" என்று நிம்மதியாகத் தூங்குவார். ஏமாந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். பதில் நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல், கேட்ட கேள்விக்குத்தான் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அதே கேள்வியை அதே சொற்களில் திரும்பக் கேளுங்கள். அப்புறம், "பழுது இல்லை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பேனா தயங்கினால் விஷயம் புரிந்துவிடும்.

கேள்வி: நாமும், "வேறொருவர் அதிகம் தருகிறார்" என்று அளந்துவிட்டால்?

பதில்: "சரி, அவருக்கே கொடுங்கள்" என்று எழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? முக்கியமான விஷயத்தில் பொய் சொல்லி வாங்கிய ஒப்பந்தம் பல நாடுகளில் சட்டப்படி ரத்தாகவும் கூடும். எவ்வளவு வரை இறங்குவீர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்கலாம். அது ஏமாற்று இல்லை.