குளிக்கிற தண்ணீரில் கரையும் சிலிண்டர்

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எங்கள் ஊர் பந்தலூருக்கும் எருமாட்டுக்கும் நடுவில், வயநாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர் என ஐந்து பேர். ஒரு சிலிண்டர் 40 நாள் வந்துகொண்டிருந்தது. இப்போது கொஞ்ச மாதமாக 25 நாள் தாண்டுவதில்லை. "உன் கை ஊதாரிக் கை" என்று வீட்டில் பேச்சு. பயந்துபோய் பருப்பைக்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வேக வைக்கிறேன். மாமியாருக்குக் கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசிச் சோறுதான் இறங்கும், அது வேக முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆடி மழையில் வெளியடுப்புக் கொட்டகையின் தகரம் காற்றில் பிய்ந்து போனது, அதனால் குளிக்கிற தண்ணீரும் கேஸில்தான். தை மாதக் குளிருக்கு மாமியார் ராத்திரி அறைக்குள் கங்குச் சட்டி வைக்கச் சொல்கிறார். வைக்கலாமா? இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினால் மிச்சமாகுமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசு கொஞ்சம் ஆறட்டும். உங்கள் கை ஊதாரிக் கை இல்லை. சமையலுக்கு நீங்கள் முன்பு எவ்வளவு கேஸ் செலவழித்தீர்களோ, ஏறக்குறைய அதே அளவுதான் இன்றும் செலவழிக்கிறீர்கள். மிச்சமெல்லாம் குளியலறையில் போகிறது. தகரம் பிய்ந்துபோனதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது.

சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. 40 நாள் வந்தபோது ஒரு நாளைக்கு 355 கிராம் செலவு. 25 நாளில் தீர்ந்தால் ஒரு நாளைக்கு 568 கிராம். இரண்டுக்கும் வித்தியாசம் 213 கிராம்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். விடிகாலையில் உங்கள் தொட்டித் தண்ணீர் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், உடம்புக்கு இதமான சூடு 42 டிகிரி. 15 லிட்டர் பக்கெட் ஒன்றுக்கு 360 கிலோகலோரி ஆகிறது. ஒரு கிலோ கேஸில் சுமார் 11,000 கிலோகலோரி இருக்கிறது. ஆனால் முழுதும் பாத்திரத்துக்கு வந்து சேராது. ஐ.எஸ்.ஐ. முத்திரை வாங்க வேண்டுமானால் கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீதச் சூட்டைப் பாத்திரத்தில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்பது விதி. அது சோதனைக்கூடத்தில். நம் வீட்டில், மூடாத அண்டாவும் ஜன்னல் காற்றுமாக, 60 கிடைத்தால் பெரிது. அப்படிப் பார்த்தால் ஒரு பக்கெட்டுக்கு 54 கிராம் கேஸ். பெரியவர்கள் மூவருக்கு மூன்று பக்கெட், பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று, ஆக நான்கு பக்கெட். 216 கிராம்.

213-ம் 216-ம். இந்தத் தாளை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள், மாமியாருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பருப்பை நாள் விட்டு நாள் வேக வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது வேண்டாத சிக்கனம்.

அதனால் நான் சொல்லும் முதல் செலவு, கொட்டகைக்குத் தகரம். புதிதாக அடுப்போ ஹீட்டரோ வாங்குவதற்கு முன் அதைச் செய்யுங்கள். உங்கள் பக்கம் தேயிலைச் செடியைக் கவாத்து செய்தால் வெட்டிப்போட்ட மிலார் குச்சி கிடைக்கும், வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருப்பதால் கேட்டு வாங்குவதும் எளிது. கெட்டியான குச்சி, காய்ந்துவிட்டால் நின்று எரியும். காய வேண்டும் என்பதுதான் முக்கியம். ஈர விறகை அடுப்பில் வைத்தால் சூட்டில் ஒரு பகுதி விறகின் ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும், மிச்சத்துக்குப் புகையும் கண்ணெரிச்சலும்தான். மாசி, பங்குனி வெயிலில் குறுக்கும் நெடுக்குமாக, நடுவில் காற்று போகும்படி அடுக்கி, மழைக்கு முன் கூரைக்குள் இழுத்துவிடுங்கள். தரையில் நேராக அடுக்காமல் அடியில் இரண்டு செங்கல் வையுங்கள். இன்னொன்று, விறகு குறைகிறதே என்று இருட்டோடு எழுந்து காட்டோரம் போய்விடாதீர்கள். பந்தலூர்ப் பக்கம் எந்தத் தோட்டத்தில் எந்த நேரம் யானை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கட்டு மிலாருக்கு அந்த விலை வேண்டாம்.

தகரம் வரும்வரை என்ன செய்வது? பிள்ளைகளின் குளியலைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். மழையில்லாத நாளில் மொட்டை மாடியிலோ கூரை மேலோ இருக்கும் கறுப்புத் தொட்டியில் மாலை நாலு மணித் தண்ணீர் தொட்டாலே தெரியும், காலையில் விரல் மரத்துப்போகிற அதே தண்ணீர்தான். 18-க்குப் பதில் 26 டிகிரியில் தொடங்கினால் பக்கெட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு கேஸ் மிச்சம். நம் மலையில் குளிர் கடுமையாக இருக்கும் மார்கழி, தையில்தான் பகலில் வெயிலும் நன்றாக அடிக்கும், அதை விடக் கூடாது. அண்டாவை மூடாமல் சூடேற்றாதீர்கள். தளதளவென்று கொதிக்கவிட்டு அப்புறம் பச்சைத் தண்ணீர் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கொதிக்கக் கொதிக்க ஆவியாகப் போவதெல்லாம் காசு. குளிக்கிற சூடு வந்ததும் இறக்கிவிடுங்கள்.

கரண்ட்டில் சூடேற்றினால்? அதே பக்கெட்டுக்குச் சுமார் 0.45 யூனிட் ஆகும். சிலிண்டர் ஒரு பேச்சுக்கு 900 ரூபாய் என்றால் 54 கிராம் கேஸ் மூன்றரை ரூபாய்க்குப் பக்கம் வரும். யூனிட் 5 ரூபாய் என்றால் கரண்ட்டுக்கு இரண்டே கால் ரூபாய். உங்கள் பில்லில் உள்ள தொகைகளைப் போட்டு நீங்களே பாருங்கள். நான்கு பக்கெட் என்றால் இரண்டு மாதப் பில்லில் நூறு யூனிட்டுக்கு மேல் கூடும். மொத்தம் 500 யூனிட் தாண்டிவிட்டால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலைப் பட்டியல் வந்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள். தண்ணீரில் முக்கிச் சூடேற்றும் ராடு வாங்கினால் மூன்று பின் பிளக், பவர் சாக்கெட், ஐ.எஸ்.ஐ. முத்திரை, மூன்றும் வேண்டும். ராடு பக்கெட்டின் சுவரில் படாமல் குறுக்குக் கட்டையில் தொங்கட்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இண்டக்‌ஷன் நல்ல பொருள்தான், சூடு வீணாவது கேஸ் அடுப்பைவிடக் குறைவு. ஆனால் காந்தம் ஒட்டுகிற தட்டை அடிப் பாத்திரம்தான் அதில் ஆகும், அலுமினியப் பானை ஆகாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் அன்றைக்கு அது வெறும் பலகை. அவசரமில்லை, பிறகு பார்க்கலாம்.

மட்டை அரிசிக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுத எனக்குத் தனி ஆசை.

நான் வளர்ந்தது கூடலூரில். எதிர் வீட்டில் ஒரு மலையாளத்து டீச்சர் இருந்தார். காலையில் ஏழு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு அவர் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவார், ஒன்பது மணிக்கு அவர் வீட்டுப் பாட்டி ஒரு மரப்பெட்டியைத் திறந்து சோறு வடிப்பார். அம்மாவுக்கு அது பெரிய அதிசயம். சூடாறாப்பெட்டி என்று அதற்குப் பெயர். சூடு ஆறாத பெட்டி, நமக்கு அர்த்தமே சொல்ல வேண்டியதில்லை. 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் கேரளத்து வீடுகளில் பரப்பிய பொருள் அது. பரிஷத் அடுப்பு என்று விறகு குறைவாகத் தின்கிற அடுப்பு ஒன்றும் அவர்களுடையதுதான். வயநாட்டில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் கேளுங்கள், ஏதாவது ஒரு வீட்டில் கட்டாயம் இருக்கும்.

அம்மா காசு கொடுத்து வாங்கவில்லை. ஒரு மூங்கில் கூடையை எடுத்தார். அடியில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல், சுற்றிலும் கிழிந்த கம்பளியும் பழைய வேட்டியும், மேலே மூட ஒரு தலையணை. அவ்வளவுதான். அரிசியை அரை மணி நேரம் ஊற வைப்பார். நிறையத் தண்ணீரில் மூடி போட்டு, நன்றாகக் கொதி வந்த பிறகு பத்து நிமிடம் வைப்பார். பானையின் அடியை ஒரு துணியால் துடைத்து, மூடியைத் திறக்காமல் அப்படியே கூடைக்குள் இறக்கி, தலையணையை அமுக்குவார். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலையணையை எடுத்தால் அதன் உள்பக்கம் ஈரமாக, கையில் ஒட்டும் சூட்டோடு இருக்கும். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற ஆவியில் மட்டை அரிசியின் அந்தச் சிவப்பு வாசனை. பருக்கையை நசுக்கிப் பார்த்து, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஐந்து நிமிடம் மறுபடி அடுப்பில் வைப்பார். இல்லாவிட்டால் வடித்துவிடலாம்.

முக்கால் மணி நேரம் எரிகிற அடுப்பு, கொதி வருகிற நேரத்தோடு சேர்த்து இருபது நிமிடத்தில் அணைந்துவிடும். கவனிக்க வேண்டியது மூன்று. பானை முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே விடக் கூடாது, வெதுவெதுப்பில் கிடக்கிற சோறு கெட்டுவிடும். ராஜ்மா மட்டும் இதில் வேண்டாம். அரைச் சூட்டில் வெந்த ராஜ்மா வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும், அதற்குக் குக்கர்தான்.

குக்கரைப் பற்றி ஒன்று. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் பக்கம் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக கீழ்நாட்டைவிட அதிக நேரம் ஆவது அதனால்தான். குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும், மலைக்காரர்களுக்குக் குக்கர் ஆடம்பரமே இல்லை. முதல் விசில் வந்ததும் தீயைச் சின்னதாக்கிவிடுங்கள். விசில் எண்ணிச் சமைப்பதைவிட, சின்னத் தீயில் நேரம் பார்த்துச் சமைத்தால் கேஸ் மிச்சம். பருப்பை ஒரு மணி நேரம் ஊறப் போடுங்கள். தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன, கழற்றிக் குண்டூசியால் சுத்தம் செய்யுங்கள். இவ்வளவு போதும், மீதியெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கடைசியாகக் கங்குச் சட்டி. வைக்கவே வைக்காதீர்கள். மாமியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மூடிய அறையில் கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. புகை வந்தால் இருமி எழுந்துவிடலாம், இதில் தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடும். மலையூர்களில் குளிருக்குக் கரி வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி பல முறை வந்திருக்கிறது. "ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதுமே" என்பார், அந்தக் கொஞ்சத்தை நம்ப முடியாது.

அவர் குளிர்கிறது என்று சொல்வது உண்மை. வயதான உடம்புக்கு ராத்திரிக் குளிர் எலும்பில் இறங்கும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அவர் கட்டிலைச் சமையலறைச் சுவரை ஒட்டிப் போடுங்கள், ராத்திரி சமைத்த சூடு அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் நிற்கும். பெரும்பாலும் குளிர் ஏறுவது கீழிருந்துதான், அதனால் மேலே மூன்று போர்வை போடுவதைவிட மெத்தைக்கு அடியில் சாக்கும் அதன் மேல் பழைய கம்பளியும் விரிப்பது நல்லது. கதவின் அடி இடுக்கில் மணல் நிரப்பிய நீளத் துணிப்பையை வையுங்கள். காலுக்குச் சாக்ஸ், தலைக்கு மஃப்ளர். மருந்துக்கடையில் ரப்பர் வெந்நீர்ப் பை கிடைக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, பையில் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டுகிறதா என்று பாருங்கள். பழைய துண்டில் சுற்றி, அவர் படுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே போர்வைக்குள் பாதம் வரும் இடத்தில் வைத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் அவருக்குக் காலில் உணர்ச்சி குறைவு என்றால் படுக்கை சூடேறியதும் பையை எடுத்துவிட வேண்டும், சுடுவது அவருக்குத் தெரியாது.

தகரம் போடும்போது கொட்டகையின் மேல்பக்கம், காற்று அடிக்காத பக்கமாக, ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள், புகை போக. ஆணியோடு நிறுத்தாமல் கம்பியாலும் கட்டச் சொல்லுங்கள், அடுத்த ஆடியும் வரும்.