வோல்ட், ஆம்பியர், வாட்: தில்லிக் குளிரில் எழுந்த சில கேள்விகள்

தில்லியில் மின்பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, மார்கழி பிறந்துவிட்டால் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகளுக்குக் குறைவிருப்பதில்லை. இந்த வாரம் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (ஜனக்புரி, இல்லத்தரசி): எங்கள் 15 லிட்டர் கீசரில் 2000 வாட், 230 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. காலையில் தண்ணீர் சூடாக அரைமணி ஆகிறது. மதியம் இருபது நிமிடம் போதும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் காலை 200, மதியம் 230 என்று காட்டுகிறது. கீசர் பழுதா ஐயா?

பதில்: பழுதில்லை அம்மா. அச்சிட்ட 2000 வாட் என்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே உண்மை. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். 2000-ஐ 230-ஆல் வகுக்க 8.7 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை வரும், 230-ஐ 8.7-ஆல் வகுக்கச் சுமார் 26.4 ஓம். உங்கள் கீசருக்கே சொந்தமானதும், காலையிலும் மதியத்திலும் ஏறக்குறைய மாறாததும் இந்த 26.4 ஓம்தான். இனி 200 வோல்ட்டை அதனால் வகுத்தால் 7.58 ஆம்பியர், அதை 200-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1515 வாட். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்ததற்கு வாட் 24 சதவீதம் குறைந்துவிட்டதைக் கவனியுங்கள். வோல்டேஜ் இறங்கும்போது கரண்ட்டும் கூடவே இறங்குவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. 12 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 52 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்டில் 21 நிமிடமும், 1515 வாட்டில் கிட்டத்தட்ட 28 நிமிடமும் ஆகும். காலைத் தண்ணீர் மதியத்தைவிடக் குளிர்ந்திருப்பதால் இன்னும் ஓரிரு நிமிடம் கூடுவதும் இயல்பே. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறும் என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது சுமையோடு ஓடும் மோட்டார்களைப் பற்றியது. கீசரில் இருப்பது போன்ற வெறும் சூடேற்றும் கம்பிச் சுருளுக்கு (காயில்) அது பொருந்தாது.

கேள்வி (முனிர்க்கா, கல்லூரி மாணவர்): 100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம் வருகிறது, மல்டிமீட்டரில் 40 ஓம்தான் காட்டுகிறது. எது தவறு சார்?

பதில்: இரண்டும் சரி தம்பி. 1827-இல் ஜெர்மானியரான ஓம் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாத வரையில்தான் பொருந்தும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன் இழை; எரியும்போது அது 2000 டிகிரிக்கு மேல் போய், தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. கீசரிலும் ஹீட்டரிலும் இருக்கும் நிக்ரோம் கம்பியில் இந்த ஏற்றம் மிகச் சிறிது என்பதால்தான் மேலே அந்த அம்மாவுக்கு நான் போட்ட கணக்கு நிற்கிறது.

கேள்வி (மயூர் விஹார்): 1500 வாட் இம்மர்ஷன் ராடை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுகிறேன். வயர் சூடாவதில்லை, பிளக் மட்டும் தொட முடியாமல் சுடுகிறது. ஏன்?

பதில்: ராட் இழுப்பது 6.5 ஆம்பியர், பாக்ஸில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். நாளடைவில் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்து, பிளக்கின் பின் அதைத் தொடும் இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, பிறகு ஓமால் பெருக்கினால் அந்த இடத்தில் மட்டும் எழும் வெப்பம் கிடைக்கும்: 6.5 × 6.5 × 0.5, அதாவது 21 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்குகிறது. அதை நெருங்கும் வெப்பம் உங்கள் பிளாஸ்டிக் பிளக்குக்குள் இருக்கிறது. பிளக்கின் பின் கருத்திருக்கிறதா என்று பாருங்கள்; கருத்திருந்தால் பிளக்கையே மாற்றிவிட்டு, சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகப் போடுங்கள். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் வாளியில் விரல் விட்டுச் சூடு பார்க்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி (கரோல் பாக்): கோடையில் கூலரின் கரண்ட்டை கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன், 0.9 ஆம்பியர். 230-ஆல் பெருக்கினால் 207 வருகிறது. பெட்டியிலோ 170 வாட் என்று போட்டிருக்கிறது.

பதில்: மோட்டாரில் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கியே ஓடும். 207 என்பது வோல்ட்-ஆம்பியர். அதைப் பவர் ஃபேக்டரால் (அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட்டாகிறது என்று சொல்லும் எண்), இங்கே 0.82-ஆல், பெருக்கினால்தான் வாட். வீட்டு மீட்டர் வாட்டைத்தான் கணக்கில் எடுக்கும்.

கேள்வி (ராமகிருஷ்ணபுரம்): அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த காபி மேக்கரில் 120 வோல்ட், 900 வாட் என்று இருக்கிறது. பின்னை மட்டும் மாற்றிப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அதன் தடை 16 ஓம். நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் 14.4 ஆம்பியர் பாய்ந்து 3300 வாட்டுக்கு மேல் எரியும். ஒரு டம்ளர் காபி இறங்குவதற்குள் காயில் போய்விடும். வோல்டேஜைப் பாதியாக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதானால் 1000 வோல்ட்-ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். அதைத் தூக்கிப் பார்த்த பிறகு, வீட்டிலிருக்கும் பித்தளை ஃபில்டரிலேயே டிகாக்‌ஷன் போட்டுக்கொள்ளத் தோன்றும்.