இன்டேக் மேனிஃபோல்டை மட்டும் போர்ட்டிங் செய்தால் எஞ்சின் சக்தி கூடுமா?

மாருதி எஸ்டீம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர், தம் காரின் இன்டேக் மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுப்பை, கம்பெனி மட்டமாக வார்த்திருப்பதாகவும், உட்புறம் முழுவதும் சொரசொரப்பாக இருப்பதாகவும் எழுதி, வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டைத் தொடாமல் இதை மட்டும் போர்ட்டிங் செய்து (காற்று வழியைக் குடைந்து சீராக்கி), கண்ணாடி போல் பாலிஷ் போட்டால் சக்தி கூடுமா என்று கேட்டிருக்கிறார். சக்தி கூட வாய்ப்பு உண்டு. ஆனால் அது பாலிஷால் கூடுவதில்லை. எவ்வளவு கூடும் என்பதையும் மேனிஃபோல்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

கோவையில் பேட்டர்ன் வேலையிலும் வார்ப்பட வேலையிலும் என் காலத்தின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. ஆகவே வார்த்தவர்கள் மீது வைக்கப்பட்ட குறைக்கு முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். மேனிஃபோல்டின் உள்ளே காற்று போகும் வழியை மணலால் செய்த கோர்தான் உருவாக்குகிறது. உருகிய அலுமினியம் அந்தக் கோரைச் சுற்றிப் பாய்ந்து உறைந்த பின் மணல் உதிர்த்து வெளியேற்றப்படுகிறது. நீங்கள் விரலால் தடவி உணரும் சொரசொரப்பு அந்த மணலின் அச்சு. உலோகம் ஊற்றும்போது கோர் தன் இடத்திலிருந்து அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் நகர்வது எந்த நல்ல ஃபவுண்டரியிலும் நடப்பதுதான். அதை எதிர்பார்த்தே வரைபடத்தில் டாலரன்ஸ் கொடுத்திருப்பார்கள், அந்த எல்லைக்குள் வந்த உருப்படியைத்தான் பரிசோதகர் தேறியதாக அனுப்புவார். லட்சக்கணக்கில் வார்க்கும் ஒரு பொருளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அரம் போட்டுக்கொண்டிருந்தால் அந்த விலைக்கு யாராலும் கார் விற்க முடியாது. போர்ட்டிங் என்பது, தொழிற்சாலை விலை கருதி விட்டுவைத்த அந்தக் கடைசி வேலையை ஒரே ஒரு உருப்படிக்கு மட்டும் பொறுமையாகச் செய்து முடிப்பது என்றுதான் நான் கருதுகிறேன். வார்த்தவரின் தவறைத் திருத்தும் வேலையாக அதை எண்ணித் தொடங்குபவர், எடுக்க வேண்டியதற்கு மேல் உலோகத்தை எடுத்துவிடுவார்.

அதிகம் எடுத்தால் என்ன கெடுதி என்று கேட்பவர்களுக்காகச் சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்டீமின் எஞ்சின் 1298 சிசி, நான்கு சிலிண்டர். ஆக ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 324 சிசி. 6000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் 5 மில்லி செகண்டு மட்டுமே. மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் தனிக் குழாயான ரன்னரின் விட்டம் 32 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, சிலிண்டர் முழுமையாக நிரம்புவதாகவும் கொண்டால், அந்த நேரத்தில் காற்று சராசரியாக விநாடிக்கு 80 மீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். அதே ரன்னரை 35 மில்லிமீட்டராகக் குடைந்துவிட்டால் வேகம் 67 மீட்டராகக் குறைகிறது. காற்றின் ஒவ்வொரு கிராமும் சுமக்கும் இயக்க ஆற்றல் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது. பிஸ்டன் அடிப்புள்ளியைத் தாண்டி மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் தொடர்ந்து காற்றைத் தள்ளுவது இந்த வேகம்தான். அதைக் கெடுத்துக்கொண்டவர்கள், "மேலே நன்றாக ஓடுகிறது, ஆனால் மூன்றாம் கியரில் 2500-இல் இழுக்க மாட்டேன் என்கிறது" என்று வந்து சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காக நண்பர் ஒருவர் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் முறை) எஸ்டீம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். கம்பெனி கணக்கில் 85 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அது. கம்ப்ரஷன் நான்கிலும் சமமாக இருந்தது, இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, சம அளவு ஊற்றுகின்றனவா என்றும் பார்த்தாகிவிட்டது. ஆயினும் 5000-க்கு மேல் எஞ்சின் மந்தமானது. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தபோது மூன்று இளம்பழுப்பாகவும் நான்காவது மட்டும் கறுப்பாகவும் இருந்தன. நான்கு இன்ஜெக்டர்களும் ஒரே அளவு பெட்ரோலைத் தெளிக்கும்போது ஒரு பிளக் மட்டும் கறுக்கிறது என்றால், அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்று குறைவாக இருக்கலாம் என்ற ஐயத்தில்தான் மேனிஃபோல்டைக் கழற்ற முடிவு செய்தோம்.

எனக்குப் பழக்கமான லேத் பட்டறை ஒன்றில், வேக்குவம் கிளீனர் மோட்டார்களையும் தண்ணீர் நிரப்பிய யு வடிவக் குழாய்களையும் வைத்துச் சொந்தமாகச் செய்த, காற்றோட்டத்தை அளக்கும் ஃப்ளோ பெஞ்ச் இருக்கிறது. அதன் உரிமையாளர், என்னைவிட மூத்தவர், நான் கிரைண்டரைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும், "தம்பி, அளக்காம ஒரு பொடிகூட எடுக்காதீங்க" என்றார். அவர் கற்றுக்கொடுத்த முறையை இங்கே பகிர்வதுதான் இந்தப் பதிலின் முக்கிய நோக்கம். முதலில் ஹெட்டை மட்டும் பெஞ்சில் வைத்து, வால்வை முழு லிஃப்டுக்குத் திறந்து, ஹெட்டில் காற்று நுழையும் வழியான போர்ட்டின் வாயில் களிமண்ணால் ஒரு வளைந்த விளிம்பு அமைத்து, காற்றோட்டத்தை அளக்க வேண்டும். விளிம்பு இல்லாமல் அளந்தால் கூர்மையான வாயிலேயே காற்று தடுமாறி, அளவு பொய்யாகிவிடும். அடுத்து அதே போர்ட்டில் மேனிஃபோல்டைப் பூட்டி, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை முழுதும் திறந்து, அதே அழுத்த வித்தியாசத்தில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கும் இடையே எவ்வளவு குறைகிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் மேனிஃபோல்டில் என்ன வேலை செய்தாலும் மீட்கக்கூடியது. மதகு குறுகலாக இருக்கும்போது அதற்கு மேலே வாய்க்காலை வெட்டி அகலப்படுத்தினாலும் வயலுக்கு வரும் தண்ணீர் கூடாது. பெரும்பாலான எஞ்சின்களில் அந்த மதகு, வால்வு வந்து அமரும் வளையமான வால்வு சீட்டும் அதற்குச் சற்று மேலே உள்ள கழுத்தும்தான்.

எங்கள் மேனிஃபோல்டில் முதல் மூன்று ரன்னர்களும் ஹெட்டின் காற்றோட்டத்தை அதிகம் குறைக்கவில்லை. நான்காவது தெளிவாகக் குறைத்தது. ரன்னரின் வாயில் விரலை விட்டுப் பார்த்தால் காரணம் நகத்தில் தட்டியது: கோர் ஒரு பக்கமாக நகர்ந்திருந்ததால் மேல் சுவர் ஹெட்டின் போர்ட்டுக்குள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது, கீழ்ச் சுவரோ அதே அளவு பின்வாங்கியிருந்தது. இன்ஜெக்டர் உட்காரும் இடத்தின் அருகே கோரின் இணைப்பில் கசிந்து உறைந்த அலுமினியம் மெல்லிய பிசிறாக வேறு நின்றது. ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே வரும் அடைப்புத் தகடான கேஸ்கட்டை வைத்துக் கோடு போட்டு அதுவரை குடைந்துவிடுவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வழி. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் கேஸ்கட்டின் துளை பொதுவாக இரண்டு போர்ட்டுகளையும்விடப் பெரியது. மேலும் ஸ்டட் துளைகள் ஸ்டட்டைவிட அகலமாக இருப்பதால் மேனிஃபோல்டு ஒவ்வொரு முறை பூட்டும்போதும் வெவ்வேறு இடத்தில் உட்காரும். ஆகவே முதலில் மேனிஃபோல்டைச் சரியான இடத்தில் நிறுத்தி அது இடம் மாறாதபடி இரண்டு டவல் பின்கள் அடித்தோம். பிறகு ஹெட்டின் முகத்தில் மார்க்கிங் ப்ளூவை மெல்லத் தடவி, மேனிஃபோல்டைப் பூட்டிக் கழற்றி, பதிந்த அச்சை ஸ்க்ரைபரால் கீறிக்கொண்டோம்.

அலுமினியத்துக்கென்று ஒற்றை வெட்டு உள்ள கார்பைடு பர் (கிரைண்டரில் மாட்டும் வெட்டுமுனை) தனியாகக் கிடைக்கிறது. இரும்புக்கான இரட்டை வெட்டு பர்ரைப் போட்டால் பற்களில் அலுமினியம் அப்பிக்கொண்டு, பர் வெட்டாமல் தேய்க்கத் தொடங்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு, பர்ரை ஓரிடத்தில் நிற்கவிடாமல் நகர்த்திக்கொண்டே வெட்ட வேண்டும். நீட்டியிருந்த மேல் சுவரைக் கீறலோடு நிறுத்தாமல் உள்ளே நீண்ட தூரத்துக்குச் சரிவாகக் கலந்துவிட்டேன், ஏனெனில் வாயில் மட்டும் வெட்டிவிட்டால் படி இடம் மாறி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பின்வாங்கியிருந்த கீழ்ச் சுவரில் ஒன்றும் செய்யவில்லை. பின்வாங்கிய சுவரை வெட்டிச் சரிசெய்ய முடியாது. சுவரின் கனத்தை அடிக்கடி காலிப்பரால் பார்த்துக்கொண்டேன், ஏனெனில் கூலன்ட் ஓடும் வழியும் இதே வார்ப்புக்குள்தான் இருக்கிறது. இறுதியில் 80 நம்பர் எமரி உருளையால் ஓட்டி, சோப்புத் தண்ணீரில் பலமுறை கழுவி, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்து, துணியில் ஒரு மினுக்கமும் ஒட்டாத வரை திருப்பித் திருப்பிச் சுத்தம் செய்தோம். ஒரு அலுமினியச் சீவல் வால்வு சீட்டில் மாட்டினால் அதுவரை செய்த உழைப்பெல்லாம் வீண்.

பாலிஷைப் பற்றி எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. ஊர் ஊராகப் பணம் வாங்கிக்கொண்டு, ரன்னரின் வாயில் ஒரு அங்குல ஆழத்துக்குப் பஃபிங் அடித்து, அதைப் படம் எடுத்து அனுப்பி, போர்ட்டிங் முடிந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் படியும் பிசிறும் அப்படியே இருக்கின்றன, வாடிக்கையாளருக்கோ பளபளப்பு மட்டும் தெரிகிறது. கார்புரேட்டர் எஞ்சின்களில் பெட்ரோல் துளிகளும் காற்றோடு சேர்ந்து மேனிஃபோல்டு முழுவதும் பயணம் செய்வதால், கண்ணாடி போன்ற சுவர் தீமையே செய்யக்கூடும். துளிகள் சுவரில் படலமாகப் படர்ந்து வழியும், சற்றுச் சொரசொரப்பான பரப்பு அவற்றை மீண்டும் காற்றில் கலக்க உதவும். எம்பிஎஃப்ஐயில் பெட்ரோல் வால்வுக்கு அருகில்தான் தெளிக்கப்படுகிறது என்பதால் அந்தத் தீமை இல்லை, ஆனால் சொல்லும்படியான நன்மையும் இல்லை. நேர்மையாக உழைக்கும் பட்டறைகளும் இருக்கின்றன, அவர்களை நான் சொல்லவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பெஞ்சில் நான்காவது ரன்னர் மற்ற மூன்றோடு சேர்ந்துகொண்டது. வண்டியில் ஐடில் சீரானது, 5000-க்கு மேல் இருந்த மந்தம் பெரும்பாலும் நீங்கியது, அடுத்த முறை கழற்றிய பிளக்குகள் நான்கும் ஒரே நிறத்தில் இருந்தன. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் உச்ச சக்தி மூன்று நான்கு குதிரைத்திறன் அளவில்தான் உயர்ந்தது. இதைப் படித்துவிட்டு, அவ்வளவு சிறிய வித்தியாசம் வெப்பநிலையால்கூட வரும் என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வாதம் நியாயமானதே. காலையில் 24 டிகிரியிலும் மதியம் 34 டிகிரியிலும் ஓட்டினால் காற்றின் அடர்த்தியில் மட்டுமே 3 சதவீதம் வேறுபடும். அதனால்தான் வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில், ஒரே டைனோவில், ஒரே கூலன்ட் வெப்பத்தில் ஓட்டிப் பார்த்தோம். அப்படிச் செய்யாமல் இணையத்தில் போடப்படும் "15 குதிரைத்திறன் கூடியது" போன்ற பேச்சுகளை நான் நம்புவதில்லை.

போர்ட்டிங்கே வீண் என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1998-இல் ஃபோர்டு நிறுவனத்தின் எஸ்விடி பிரிவு, கான்டூர் காரின் 2.5 லிட்டர் வி6 எஞ்சினுக்கு, சாணைப் பொடி கலந்த பிசின் போன்ற கலவையை அழுத்தத்தோடு செலுத்தி இன்டேக் வழிகளைத் தேய்த்துச் சீராக்கும் முறையைத் தொழிற்சாலை நிலையிலேயே பயன்படுத்தியது. 170 குதிரைத்திறன் எஞ்சின் 195-ஐத் தொட்டது. கேம்ஷாஃப்ட் உள்ளிட்ட வேறு மாற்றங்களும் சேர்ந்தே அதைச் சாதித்தன என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கிரைண்டர் எட்டாத வளைவுகளில் உள்ள உலோகத்தை எடுக்க, ஒரு பெரிய நிறுவனம் செலவு செய்யத் தயாராக இருந்தது.

உங்கள் வண்டிக்கு வருவோம். ஹெட்டைக் கழற்றாமல் மேனிஃபோல்டை மட்டும் செய்வதில் தவறில்லை, ஆனால் எதிர்பார்ப்பை நான்கு சிலிண்டர்களையும் சமப்படுத்தும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, மேப் சென்சார் காட்டும் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் காற்றின் அளவை ஊகிக்கிறது. கம்பெனி பதித்த அட்டவணையைத் தாண்டிக் காற்று வந்தால் முழு த்ராட்டிலில் கலவை லீனாகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. எனவே காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் பெரிய மாற்றத்துக்குப் போகாதீர்கள். பூட்டும் முன் முகம் கோணியிருக்கிறதா என்று நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள், புது கேஸ்கட் போடுங்கள். பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தால் வகுப்பின் விதிகளை முன்கூட்டியே படியுங்கள், ஏனெனில் கம்பெனி நிலையிலேயே ஓட வேண்டிய வகுப்புகளில் உட்புறம் அரம் பட்டிருந்தாலே தகுதி போய்விடும்.

மேனிஃபோல்டைக் கழற்றும் முன் உங்கள் எஞ்சினின் நான்கு கம்ப்ரஷன் அளவுகளையும் நான்கு பிளக்குகளின் நிறத்தையும் இங்கே எழுதுங்கள். நான்கும் சமமாக இருந்தால் அந்தப் பணத்தை வால்வு சீட் வேலைக்கு ஒதுக்கச் சொல்வேன். ஒன்று மட்டும் மாறுபட்டால் எந்த ரன்னரில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.